காது மூடி வேண்டாமென்றவனுக்கு

ரூஜ், ஸ்காபரோ
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மச்சான் ஸமீமுக்கு,

ஸலாம். நான் ஸலாம் சொன்னால் உச்சரிப்புப் பிழை என்று திருத்துவாய். எழுத்தில் திருத்த வழியில்லை, அப்படியே வைத்துக்கொள். நானும் கனகாம்பிகையும் சுகம். அவளுக்கு முழங்கால் நோ மட்டும் விட்டபாடில்லை. நீ சுகமா என்று கேட்க வேண்டிய இடம் இது. அதைக் கடைசியில் கேட்கிறேன்.

நீ அனுப்பிய துவக்கு லைசென்ஸ் விண்ணப்பம் வந்து சேர்ந்தது. உன்னைப் பல வருடமாகத் தெரியும், நல்ல மனிதன் என்று நான் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் நீயே பென்சிலால் புள்ளடி போட்டிருக்கிறாய், எனக்குக் கண் தெரியாதது போல. நான் கையெழுத்து வைக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் எல்லாம் சரி மச்சான் என்று வைத்துவிடுகிறாய்.

கோடையில் நீ துவக்கு வாங்கப் போவதாகச் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நாமும் மரியோவும் சேர்ந்து வீடுகளுக்குச் சுவர்ப்பலகை, அதுதான் ட்ரைவோல், அடித்த காலம் முழுக்க, நவம்பரில் மான் வேட்டைக்குப் போவதுதான் நமக்கு விடுமுறை. நீ சமையல்காரனாக மட்டும் வருவாய். மான் விழுந்தாலும் ஒரு துண்டு தொடமாட்டாய். கந்தப்போடி நான் சுட்டால் ஹராம்; மரியோ கிறிஸ்தவன், வேதக்காரன், அவன் சுட்டால் யோசிக்கலாம்; ஆனால் சுடும்போது அவன் வாயில் வருவது கெட்ட வார்த்தை, ஆகவே அதுவும் சரிவராது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மீன் ரின்னைத் திறப்பாய். இனி ஸமீம் தானே சுட்டுத் தானே தின்னப் போகிறான் என்று கனகாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு தொடங்கியது என் தலையிடி. முதலில் ஒரு படம் அனுப்பினாய், யூடியூப்பில் அமெரிக்கக்காரன் தூக்கிக்கொண்டு நிற்கும் கறுப்புத் துவக்கு. உது இந்த நாட்டில் எப்போதோ தடை செய்தாயிற்று, ஆசைப்படாதே என்று எழுதினேன். சரி, வேறு சொல் என்றாய். ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்து ரவை ஏற்றுகிற சாதாரணத் துவக்கே மானுக்குப் போதும், ஆனால் தோளுக்கு அளவாக இருக்க வேண்டும், கடைக்குப் போய்த் தூக்கிப் பார் என்றேன். தூக்கிப் பார்க்கத் தேவையில்லை, எதுவானாலும் பரவாயில்லை என்றாய். ஸ்கோப் வகைகளைப் பற்றி விலையும் வித்தியாசமும் விரல் நோக எழுதினேன். ஸ்கோப் வேண்டாமாம். கண்ணாடி போடாவிட்டால் பூனைக்கும் துணிப்பைக்கும் வித்தியாசம் தெரியாதவன் நீ! தோளில் மாட்டப் பட்டி? வேண்டாம். துடைக்க எண்ணெயும் கம்பியும்? வேண்டாம். செம்மஞ்சள் அங்கி சட்டப்படி கட்டாயம், இல்லாவிட்டால் மரியோவே உன்னை மான் என்று சுட்டுவிடுவான் என்று பகிடி விட்டேன். அதுவும் வேண்டாம். உன்னோடு மாரடித்து எனக்குப் பிரஷர் ஏறியதுதான் மிச்சம்.

ஒரு ரைஸ் குக்கர் வாங்க மார்க்கம், பிக்கரிங் என்று எத்தனை கடை ஏறி இறங்கினவன் நீ! உன் பெஞ்சாதி ஸெய்னம்பு, பாவம், அலைந்த அலைச்சலில் காருக்குள்ளேயே நோன்பு திறந்தாள். கடைசியில் நீ வாங்கியதை மூடி சரியில்லை என்று மறுநாளே கொண்டுபோய் மாற்றினாள். அப்படிப்பட்ட மனுசன் துவக்கு விஷயத்தில் மட்டும் எதுவானாலும் பரவாயில்லை என்கிறான். சோம்பல் பிடித்துவிட்டது என்றுதான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு மூளை பிந்தித்தான் வேலை செய்யும். நேற்று உனக்கு ஒரு நல்ல கத்தி வாங்கித் தரலாம் என்று கடைக்குப் போனேன். மான் உயிரோடு விழுந்தால் நீ அறுக்க வேண்டுமே, எந்தக் கத்தி உனக்குத் தோதுப்படும் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. நீ ஹலாலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்ஷ்மெலோ பைக்கற்றைத் திருப்பித் திருப்பி வாசித்து, ஜெலட்டின் எந்த மிருகத்தினது என்று கடைப் பிள்ளையை அழ வைத்தவன் நீ. சுடுவதற்கு முன் பிஸ்மில்லாஹ் எப்போது சொல்வது, எங்கே அறுப்பது, எந்த மௌலவியைக் கேட்பது, ஒன்றுமே இல்லை. இத்தனை மாதக் கதையில் மானே இல்லை, மச்சான்.

கத்தியை வைத்துவிட்டு வண்டிக்குள் வந்திருந்து உன் பழைய செய்திகளை வாசித்தேன். காது மூடி கட்டாயம் வாங்கு, இல்லாவிட்டால் நாள் முழுக்கக் காது இரையும் என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அது தேவைப்படாது மச்சான் என்று எழுதியிருக்கிறாய். லைசென்ஸ் வரும்வரை என்னுடைய துவக்கைக் கொஞ்ச நாளுக்குத் தரச் சொல்லியும் கேட்டிருக்கிறாய். அன்றைக்கு எரிச்சலில், அது சட்டப்படி குற்றமடா என்று மட்டும் பதில் போட்டேன். நேற்று வாசித்தபோது வண்டியை எடுக்காமல் அங்கேயே இருந்துவிட்டேன்.

ஆகவே சுற்றிவளைக்காமல் கேட்கிறேன். நீ சாகப் பார்க்கிறாயா, ஸமீம்?

நான் பிழையாக நினைத்திருந்தால் காறித் துப்பு, துடைத்துக்கொள்வேன். ஸெய்னம்பு மௌத்தாகி, அவளை அடக்கி வருடம் ஒன்று ஆகவில்லை. வீட்டை விற்றுவிட்டு, சட்பரிக்கு அப்பால் ஒரு பெற்றோல் அடிக்கும் செட்டில், பின்னறையில் போய் இருக்கிறாய். அமைதி வேண்டும் என்றாய், நாங்களும் விட்டுவிட்டோம். நேற்று உன் மகள் அஸ்ராவோடு கதைத்தேன். “என்ன கேட்டாலும் ஐ ஆம் ஃபைன் எண்டுதான் வாப்பா அனுப்புறார், அங்கிள்” என்று யூனியன்விலில் இருந்துகொண்டு அழுகிறாள். அவள் உம்மாவின் சாரிகளையும் உன் நல்ல கைக்கடிகாரத்தையும் பெட்டியில் போட்டு அவளுக்கு அனுப்பியிருக்கிறாயாமே? எனக்கு உன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

கேள். கையெழுத்து நான் வைக்கமாட்டேன். வேறு யாரையும் பிடித்து வாங்கினால், லைசென்ஸ் கொடுக்கிற கந்தோருக்கு நானே போன் போட்டு விஷயத்தைச் சொல்வேன். காட்டிக்கொடுத்தவன் என்று ஆயுள் முழுக்க ஏசு, கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் துவக்குகள் மரியோவின் வீட்டுப் பூட்டுக்குள் போய்விட்டன, சாவியும் அவனிடம். இந்த வருடம் வேட்டை கிடையாது. 988 என்று ஓர் இலக்கம் இருக்கிறதாம், இரவு பகல் எந்நேரமும் ஆள் கதைப்பார்களாம், அஸ்ரா சொன்னாள். என்னிடம் சொல்ல வெட்கமென்றால் அவர்களிடம் சொல். யாரிடமாவது சொல்லித் தொலை.

திங்கள் காலை

இதைத் தபாலில் போடத்தான் இருந்தேன். தபால் வரும்வரை என்னால் பொறுக்க முடியாது. கனகாவும் போ, போ என்று கலைத்தாள். மரியோ வண்டியை ஓட்டினான், வழி முழுக்க அவனுடைய கெட்ட வார்த்தைதான். இப்போது உன் அறைக் கதவுக்குக் கீழால் இதைத் தள்ளப் போகிறேன். நேரில் என்றால் நீ சிரித்து மழுப்புவாய், நான் கத்துவேன், ஒன்றும் நடக்காது. அதனால் முதலில் வாசி. அஸ்ரா தன் வீட்டில் ஓர் அறையைக் காலி பண்ணி உனக்கு வைத்திருக்கிறாளாம். அங்கே போனாலும் சரி, எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சரி. தனியே விட்டுவிட்டுத் திரும்ப மாட்டோம்.

நீ சுகமா, மச்சான்?

வெளியே நிற்கிற வண்டியில் கனகா கட்டித் தந்த இடியப்பமும் கோழிக் கறியும் இருக்கிறது. கோழி எந்தக் கடை, யார் அறுத்தது என்று நீ விசாரிப்பாய் என்று பற்றுச்சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். உன் அல்லாஹ் உன்னைக் கைவிடமாட்டான். நீ கதவைத் திற. திறந்து, இது ஹலாலா என்று கேள். கேளடா, மச்சான்.

வாசலில் நிற்கும்
கந்தப்போடி