வெள்ளைக் கோட்டின் இடது கை

தூங்குகிறவளுக்கு,

தையல் மெஷின் ஓடுகிறது. இந்த நல்ல செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டு மேலே போ.

நேற்று நீ, "தெரியாத வேலையில கை வைக்காதீங்க, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க"ன்னு சொன்னதும் உன் புருஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்ததே? அந்த ரோஷக்காரர் விடிந்ததும் எழுந்து ஊசியை மாற்றினார், எண்ணெய் விட்டார், திருக முடிந்ததையெல்லாம் திருகினார். துணி நகரவே இல்லை. ஜிக்ஜாக் தையல் ஒரே இடத்தில் முடிச்சு முடிச்சாகக் குவிந்தது. கடைசியில் பார்த்தால், பட்டன் தைப்பதற்காக நீ இறக்கிவிட்ட பல் இறங்கியபடியே இருந்தது. துணியைத் தள்ளுகிற பல்லே கீழே கிடந்தால் துணி எப்படி நகரும்? பின்னாலிருந்த குமிழைத் தள்ளிப் பல்லை ஏற்றினார். மேதை ஆகிவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில், கையில் கிடைத்த வெள்ளைத் துண்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஜிக்ஜாக் ஓட்டினார். அது வெட்டிப்போட்ட துண்டு இல்லையாம். நர்ஸம்மா கோட்டுக்கு நீ வெட்டிவைத்த இடது கையாம்; ஓரத்தில் நீ சாக்பீஸால் எழுதியிருந்ததை அப்புறம்தான் பார்த்தார்.

அந்தம்மா சாயங்காலம் வந்தால் நாளைக்கு வரச்சொல். அதே துணி வாங்கிவர, கெட்டுப்போன கையிலிருந்தே மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டேன். பிளாஸ்கில் டீ இருக்கிறது. குடித்துவிட்டுத் திட்டு. ஆனால் தையல் எவ்வளவு சீராக விழுந்திருக்கிறது என்று ஒரு தடவை பார்.

பி.கு: செருப்பு மாட்டும்போதுதான் கவனித்தேன். மாதிரித் துண்டு வெட்டியது கோட்டின் வலது கையிலிருந்து. ஜிக்ஜாக் போட்ட கை மேஜைமேல் முழுசாக இருக்கிறது.

இரண்டு கைக்கும் துணி வாங்கிவருகிறேன்.

மெக்கானிக்கையே கூப்பிட்டிருக்கலாம்.