பனியோடு போகாத தொண்டைக்கட்டு

அன்பு மகளுக்கு,

நலம் என்று தொடங்குவதே கடிதத்துக்கு அழகு என்பதை அறிவேன். எனினும் இம்முறை உன் நலத்தை மட்டும் விசாரித்து மேலே செல்கிறேன். நீ அழைக்கும்போதெல்லாம் அப்பா அருகிலேயே இருப்பதால் தொலைபேசியில் கூற இயலாததை எழுதுகிறேன். உன் தம்பி இதைப் படமெடுத்து இன்றே அனுப்புவான்.

நம் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பருவம் உண்டென்பது நீ அறிந்ததே. மழை பிடித்தால் தம்பிக்குக் காதில் சீழ், காற்றுக்காலத்துப் புழுதியில் எனக்கு ஓயாத தும்மல், பனி இறங்கினால் அப்பாவுக்குத் தொண்டைக்கட்டு. "நீங்க வாங்குற மருந்தப் பாத்தே மாசத்தச் சொல்லிடுவேன்க்கா, எனக்குக் காலண்டரே வேணாம்" என்று மருந்துக்கடைக்காரர் சிரிப்பார். இவ்வாண்டும் பனியோடு அப்பாவின் குரல் கம்மியது. வெயில் வந்தால் திறந்துகொள்ளும் என்று வழக்கம்போல் இருந்துவிட்டோம். தார் உருகுமளவு வெயில் வந்தது, குரல் வரவில்லை. காய்கறி மண்டியில் அவர் ஏலம் கூறினால் வாசலில் நிற்கும் லாரிக்காரருக்கும் கேட்குமே, அங்கேயே "என்ன மாமா, தக்காளிக்கு விலை சொல்றீங்களா, ரகசியம் சொல்றீங்களா?" என்று கேலி செய்தார்களாம். அன்றோடு ஏலம் கூறுவதை விட்டுவிட்டு மூட்டை எண்ணுகிறார்.

பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தனர். குரல்வளையில் புற்று, கழுத்துக்கும் பரவியுள்ளது. இந்த ஞாயிறு கழிந்து வரும் வியாழனன்று குரல்வளையை முழுவதுமாக எடுக்கிறார்கள். எடுத்தாலும் உயிருக்கு உறுதி கூற இயலாது என்றார் மருத்துவர். அப்பா ஏதோ முணுமுணுத்தார். "என்னம்மா சொல்றாரு?" என்று மருத்துவர் என்னைக் கேட்டார். "வெயில் வந்தா சரியாயிடும்னு இருந்தோம்" என்பதைத்தான் சொன்னார். நான் அதை எடுத்துரைக்கவில்லை.

ஞாயிறுதோறும் நீ அழைத்ததும் "தொண்டைய அலட்டாதீங்கப்பா, அம்மாகிட்ட குடுங்க, சரியானதும் நிறைய பேசலாம்" என்பாய். அது உன் பரிவு. அவரும் மறுபேச்சின்றி என்னிடம் நீட்டிவிடுவார். சென்ற ஞாயிறும் நீட்டினார், ஆனால் நான் பற்றிய பின்னும் பிடியை உடனே விடவில்லை. இந்த ஞாயிறு அவ்வாறு சொல்லாதே, மகளே. கரகரப்பாக இருக்கும், பாதி புரியாது. புரிந்தவள்போல் "உம்" கொட்டிக்கொண்டே அவர் முடிக்கும்வரை கேள். அழுகை வந்தால் அடக்கிக்கொள், நீ அழுதால் அவர் நிறுத்திவிடுவார்.

நீயும் உன் இல்லத்தாரும் குறைவின்றி வாழ என் ஆசிகள். நம் வெயில்காலம்தான் உங்கள் நாட்டில் குளிர்காலம் என்பாயே, அங்கே பனி தொடங்கியிருக்கும், கழுத்தை மூடிக்கொள். குரல் கம்மினால் பருவம்தானே என்று இருந்துவிடாதே. ஞாயிறன்று நீ அழைக்கும் வேளையில் நான் கடைக்குச் சென்றிருப்பேன். என்னிடம் கொடுக்க அவருக்கு வழியிராது.

இவ்வண்ணம்,
உன் அம்மா