முப்பத்திரண்டு வரிசையில் இல்லாத கேள்வி

பீரோவைக் குடைந்தபோது அந்த அட்டவணை அகப்பட்டது. நான்கு தாள், ஒன்பது கருவிகள், முப்பத்திரண்டு வரிசை ஒப்பீடு. ஓரத்தில் சிவப்பு மையில் உன் கிறுக்கல்: "மாப்ளே, இது பிழை குறிக்கிற கருவிக்கா, ஜாதகப் பொருத்தத்துக்கா?" நீ கண்ணை மூடி இரண்டு வருடம். நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

போனில் தமிழ் எழுத நாம் செய்த விசைப்பலகை, ஆலங்குடியில் உன் மொபைல் கடையில் பிறந்தது. ஓப்பன் சோர்ஸ், யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் உள்ளே புகுந்து சரிசெய்யலாம். பிழை சொல்வதும் திருத்தம் அனுப்புவதும் ஒரே வாட்ஸப் குழுவில். காலை வணக்கப் பூக்கள், காதுகுத்து அழைப்பு, நான் கசியவிடும் ஊர்வம்பு எல்லாமும் அதிலேதான்.

அந்தக் குவியலில், நம் பலகையில் எழுதிவந்த குளத்தூர் செல்வராணி டீச்சர் அனுப்பிய நிரல் திருத்தம் புதைந்துபோனது. வேகமாகத் தட்டினால் பலகை எழுத்தை விழுங்கும். நம் இருவருக்கும் பிடிபடாத அதை அவர்தான் சரிசெய்திருந்தார். இரண்டு மாதம் நாம் பார்க்கவே இல்லை. "பாத்தேன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. நான் வாரேங்க" என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டுப் போனார். அதற்கும் ஒருவர் ரோஜாப்பூ அனுப்பினார். அந்த ஒருவர் நான்தான்.

டீச்சர் போனால் திட்டமே படுத்துவிடும். வரும் பிழைகளையும் திருத்தங்களையும் எண் போட்டுக் குறித்துவைக்க, பதறிப்போய்க் கருவி தேடினோம். என் அட்டவணையில் முதலிடம் பிடித்தது பிரம்மாண்டமான ஒன்று. வண்ண வண்ண வரைபடம்! "வா, டீச்சரையே கேப்போம்" என்று என்னைக் குளத்தூர் பஸ்ஸில் ஏற்றினாய்.

டீச்சர் முறைப்பாகத்தான் மடிக்கணினி முன் உட்கார்ந்தார். நான் மெச்சிய கருவி பதினான்கு பெட்டிகளை நிரப்பச் சொன்னது.

"எழுத்த முழுங்குதுங்க. இது தீவிரமா, மிகத் தீவிரமா? என்னன்னு போட?"

"அது வந்துங்க டீச்சர்..." என்று இழுத்தேன்.

"ஆஸ்பத்திரில சீட்டுப் போட்டாக்கூட இம்புட்டு கேக்க மாட்டாங்க மாப்ளே" என்றாய்.

அடுத்து உன் தேர்வு. என் பட்டியலில் கடைசியாக நின்ற அழுமூஞ்சிக் கருவி. தலைப்பு, விளக்கம், திருத்தத்தை இணைக்க ஓர் இடம், அவ்வளவே. டீச்சர் நிரப்பினார். அனுப்பும் முன் நிமிர்ந்தார்.

"யாராச்சும் பாத்தாங்களான்னு எனக்குத் தெரியுமாங்க?"

முப்பத்திரண்டு வரிசையில் அந்தக் கேள்வி இல்லை! "அனுப்புங்க டீச்சர்" என்றாய். அவர் அனுப்பியதும் உன் போனில் ஏதோ தட்டினாய். அவர் திரையில் வந்தது: எண் 1. கிடைத்தது. பார்ப்பவர், உன் பெயர்.

டீச்சர் முகம் இளகியது. "வேற ஏதும் பிழை இருக்காங்க?" என்று நீ வாயைக் கொடுத்தாய். பொழுது சாய்வதற்குள் எண் பதினொன்றைத் தொட்டது. அதில் ஒன்பது பிழை என் கைவண்ணம். டீச்சர் திரும்பி வந்த குஷியில், ஊர் திரும்பும் பஸ்ஸில் சீட் கிடைத்தும் நமக்கு உட்காரத் தோன்றவில்லை.

இப்போது டீச்சர்தான் திட்டத்துக்குத் தலைமை. என் நிரலைத் திருப்பி அனுப்புவதில் அவருக்குத் தனி இன்பம். நேற்று யாரோ புதியவர் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. "கிடைத்தது. நான்தான் பார்க்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுதிவிட்டுத்தான் தட்டில் கை வைத்தேன்.