இரண்டு விரலில் கழன்ற போல்ட்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை, நானேதான் எழுதுகிறேன், வரி மேலும் கீழும் ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள். இங்கே நான், அம்மா, உன் தம்பி மூவரும் உடம்பளவில் நலம். அங்கே நீ குளிருக்கு இருமாமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு இடது கண் கொஞ்சம் மங்கல், கண் டாக்டர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை. மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இன்னும் நம் ஜன்னல் மேல்தான் ஒழுகுகிறது, கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள், எந்த வருஷத்து அடுத்த வாரம் என்று தெரியவில்லை. நூலகத்து மாடியில் நடக்கும் எழுத்து வகுப்புக்கு ஏழு மாதமாக ஒரு நாள் விடாமல் போகிறேன். சொல்லித் தருவது தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. "இத்தனை வருஷம் அடுத்தவங்க லெட்டரைச் சுமந்தாச்சு, ஒண்ணாவது உங்க கையால எழுதின லெட்டரைப் பார்த்துட்டுத்தான் விடுவேன்" என்று எங்களை விரட்டுகிறார். இன்று திங்கட்கிழமை. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது, டீ ஆறிப்போய் மேலே ஆடை கட்டிவிடுகிறது. ஆனாலும் பாப்பா, நினைப்பது விரல் வழியாக இறங்கித் தாளில் வந்து உட்காருவதைப் பார்க்க இருக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அறுபத்தெட்டு வயசு வரை இதை என்னிடம் ஒளித்து வைத்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

போன வாரம் போனில் நீ கேட்டாய், "பழைய மோட்டார் சைக்கிள் ஒண்ணு வாங்கியிருக்கேன்பா, வீட்டிலேயே பார்த்துக்கலாம்னு இருக்கேன், கைப்பிடியை உயர்த்தணும், சீட்டை மாத்தணும், என்னென்ன டூல்ஸ் வாங்கட்டும்" என்று. எழுதி அனுப்புகிறேன் என்றேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள், தம்பியும் குறுக்கும் நெடுக்கும் நடப்பான். இதில் அவர்கள் காதில் விழ வேண்டாத ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன். முதலில் நீ கேட்டது. நூற்றிருபது சாமான் அடங்கிய பெரிய பெட்டி என்று கடைக்காரன் காட்டுவான், அதை வாங்காதே, அதில் நூறு உனக்கு வேண்டாதது, மீதி இருபது வளையும். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு, இந்த அளவுகளில் நல்ல எஃகில் ரிங் ஸ்பானர் வாங்கு, அதே அளவுகளில் பாக்ஸ் ஸ்பானர், பிறகு ஆறு மூலைக் குழி வைத்த போல்ட்டுகளுக்கு ஆலன் கீ ஒரு செட். அட்ஜஸ்டபிள் ஸ்பானர் வேண்டாம், அது நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வாங்கப் போகும்போது உன் வண்டியிலிருந்து ஒரு திருகைக் கழற்றி எடுத்துப் போ, அதன் தலையில் வைத்து ஆட்டிப் பார், ஆடினால் அது உன் வண்டிக்கு இல்லை. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்த ஒரு ஸ்டாண்ட், செயின் தேய்க்க ஒரு பிரஷ். சீட்டை மாற்றுவது சின்ன வேலை, கைப்பிடியை உயர்த்தும்போதுதான் கவனம். உயர்த்தியதும் இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார், பிரேக் குழாயோ கேபிளோ விறைத்தால் நீளமானதாக மாற்றாமல் தெருவில் இறங்காதே. தம்பி தன் வண்டிக்கு அகலக் கைப்பிடி போட்டபோது வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒன்று விடாமல் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

இத்தனையையும் விட முக்கியம் டார்க் ரென்ச். நீண்ட கைப்பிடி வைத்த ஒரு ஸ்பானர் அது, எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எண்ணை வைத்துவிட்டுத் திருகினால் அந்த அளவு வந்ததும் டக் என்று சொல்லும், அதோடு கையை எடுத்துவிட வேண்டும். தம்பி அதை வாங்கி வந்த அன்று நான் சிரித்தேன். "போதும்னு சொல்றதுக்கு ஒரு மெஷினா, கை எதுக்குடா இருக்கு" என்றேன். அவனும் விடவில்லை, "உங்க கைக்குப் போதும்னே சொல்லத் தெரியாதேப்பா" என்றான். என் பிழைப்பு உனக்குத் தெரியும். லாரி டயர் கடையில் நாற்பது வருஷம். சக்கர நட்டை ஸ்பானரில் பிடித்து, கைப்பிடியில் பைப்பைச் சொருகி, பைப்பின் நுனியில் ஏறி நின்று இரண்டு குதி குதித்தால்தான் எங்கள் கணக்கில் இறுக்கம். நான் குதித்த சக்கரம் ஒன்று கூட வழியில் கழன்றதில்லை. அந்தத் திமிர் என் காலிலேயே இருக்கிறது. மேலே எழுதக் கை வரவில்லை, நாளைக்கு எழுதுகிறேன்.

செவ்வாய். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை, தம்பி முன் பிரேக்கைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினான். சக்கரத்தட்டைக் கவ்விப் பிடிக்கிற அந்த பிரேக் கட்டை இரண்டே போல்ட்டில்தான் நிற்கிறது. டக் என்றது, கையை எடுத்துவிட்டான், இரண்டாவதும் டக், முடிந்தது. குளிக்கப் போனான்.  என் பிள்ளையின் பிரேக் இவ்வளவு லேசான இறுக்கத்திலா நிற்பது என்று பட்டது. அதற்கும் முன்னால் ஒரு முறை நான் அவன் சக்கர பேரிங்கைச் சுத்தியால் தட்டி உடைத்ததில் அவன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான், "இனிமே என் வண்டியில கை வைக்காதீங்கப்பா, கும்பிட்டுக் கேட்டுக்கறேன்" என்று, நானும் தலையாட்டியிருந்தேன். ஆட்டிய தலை அன்று எங்கே போனது என்று தெரியவில்லை. பழைய கட்டிலின் கால் பைப் படிக்கட்டுக்குக் கீழே கிடந்தது, அதை எடுத்து ஸ்பானரில் சொருகி மேல் போல்ட்டை ஒரு அழுத்து அழுத்தினேன், முனகிக்கொண்டு நின்றது, மனசு குளிர்ந்தது. கீழ் போல்ட்டையும் அழுத்தினேன், முதலில் நின்றது, பிறகு திடீரென்று கைக்குள் கனமே இல்லாமல் சுற்றியது. மரை போய்விட்டது. பதறி வெளியே எடுத்தேன், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை நாலு சுற்றுச் சுற்றித் திரும்ப வைத்தேன், கெட்டியாகத்தான் உட்கார்ந்தது. குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கும் முன் வந்து பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சமாளித்துவிட்டேன் என்று அன்றைக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை கூட, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வகுப்பில் அந்தத் தபால்கார அம்மா, வீட்டில் என்ன புத்தகம் இருக்கிறதோ அதைத் தினம் ஒரு பக்கம் படித்து வரச் சொன்னார். நம் வீட்டில் புத்தகம் என்று இருப்பது தம்பிக்கு வண்டியோடு கொடுத்த கையேடு ஒன்றுதான். எழுத்துக் கூட்டிக் கூட்டித் தினமும் படித்தேன். எண்ணெய் மாற்றுவது, செயின் தொய்வு பார்ப்பது, எல்லாம் கதை போல இருந்தது. போன வாரம் புதன்கிழமை நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்தது. முன் பிரேக் போல்ட்டுகளைக் குறித்த அளவுக்கு மேல் இறுக்கக் கூடாது, அது போய்ப் பூட்டும் இடம் அலுமினியம், மரை சேதமானால் வண்டியை ஓட்டக் கூடாது, போல்ட் கழன்றால் பிரேக் சக்கரத்தில் மாட்டி ஓட்டுபவருக்கு உயிராபத்து. இந்த நாலு வரியைப் படிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. தப்பாகப் படித்திருப்பேன் என்று விரலை வைத்துத் திரும்பவும் படித்தேன். முழுசாக ஒரு பக்கத்தைத் தடுக்காமல் படித்ததே அன்றைக்குத்தான் முதல் தடவை, அந்தப் பக்கமா அப்படி இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் கிளம்பும் முன் வாசலுக்குப் போய், செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்து அந்த போல்ட்டைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒரு நூல் அளவு வெளியே வந்திருக்கும், கட்டை விரலால் அழுத்தித் திருகி வைப்பேன். அவன் தெருமுனை திரும்பும் வரை நிற்பேன், சாயங்காலம் அவன் வண்டிச் சத்தம் திரும்பக் கேட்கிற வரை எனக்குச் சோறு இறங்காது. ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். போன மாதம் அவனோடு வேலை பார்க்கும் நண்பன் வந்திருந்தான், அவனிடம் தம்பி, "எங்கப்பா இப்ப மேனுவலையே படிக்கிறாருடா, எனக்கே சந்தேகம் வந்தா அவரைத்தான் கேக்கணும்" என்றான். கிண்டல் பாதி இருக்கும், ஆனால் மீதிப் பாதி நிஜம். அவன் என்னைப் பற்றி இன்னொருவரிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு வார்த்தையை விட மனசு வரவில்லை பாப்பா, அவ்வளவுதான் காரணம், எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

புதன்கிழமை ஒன்றும் எழுதவில்லை. சாப்பிடும்போது தம்பி சொன்னான், "நாளைக்கு அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன், பாலத்து வழியா போனா இருபது நிமிஷம்." பாலத்து இறக்கம் எப்படி என்று உனக்குத் தெரியும், இறங்கி முடிக்கிற இடத்திலேயே சிக்னல், முன் பிரேக்கை இழுத்துப் பிடிக்காமல் யாரும் நிற்க முடியாது. "பஸ்ஸில போகலாமே" என்றேன். "பஸ்ஸில நின்னுட்டே வர எனக்கென்ன தலையெழுத்தா, பிள்ளை வண்டி வெச்சிருக்கான், ஜம்முனு உக்காந்துட்டு வரேன்" என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டாள்.

வெள்ளி. நேற்று நடந்ததை எழுதுகிறேன். அம்மா கைப்பையை மடியில் வைத்துப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள், தம்பி வண்டியைக் கிளப்பிவிட்டான். நான் போய் முன் சக்கரத்துக்கு நேராக நின்றேன். "என்னப்பா, வழியை விடுங்க, லேட்டாகுது" என்றான்.  குனிந்து அந்தக் கீழ் போல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருகினேன், ஸ்பானர் இல்லாமல் வெளியே வந்தது, வெள்ளை டேப் வால் போலத் தொங்கியது. அவன் வண்டியை அணைத்தான். அம்மா, "என்ன அது, புழுவா?" என்று எட்டிப் பார்த்தாள். தம்பி யார் என்று கேட்டான், நான் என்றேன். எப்போ என்றான், ரெண்டு மாசம் ஆச்சு, நீ குளிக்கப் போனப்போ என்றேன். சத்தம் போடுவான் என்று நினைத்தேன், போடவில்லை. போல்ட்டைக் கையில் வாங்கி அதையே பார்த்துக்கொண்டு, "நேத்து பாலத்துல எண்பதுல இறங்கினேன்ப்பா" என்றான், அவ்வளவுதான். அம்மாதான், "மரை கழண்டது போல்ட்டுக்கா உங்களுக்கா" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு வாடகைக் கார் வைத்து டாக்டரிடம் போனார்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து போதுமாம். திரும்பி வந்ததும் தம்பி ஒரு தாளும் பேனாவும் என் முன்னால் வைத்தான். "இந்த வண்டியில எதெதுல கை வெச்சீங்கன்னு எழுதுங்க, வாயால சொன்னா நம்ப மாட்டேன்" என்றான். எழுதினேன். முன் பிரேக் கீழ் போல்ட், முன் பிரேக் மேல் போல்ட், எண்ணெய் வடிக்கும் போல்ட், பின் சக்கர நட்டு. நாலு வரி. அவன் அந்தத் தாளைத் தரையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். மேல் போல்ட்டின் மரையும் பாதி உரிந்திருந்தது. முன் சக்கரத்தைத் தாங்குகிற, அந்த மரை இருக்கும் காலைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனான், துளைத்து உள்ளே எஃகுச் சுருள் வைத்துத் தருவார்களாம், நாலு நாள் ஆகும். அதுவரை பஸ். என்னோடு பேச்சு இல்லை. அம்மாவைப் பார்த்து, "அவரைச் சாப்பிடச் சொல்லும்மா" என்கிறான், நான் இரண்டு அடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன். டூல்ஸ் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறான், அதில் தப்பே இல்லை.

உன் வண்டி பழசு என்றாய், அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். உனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் என்னைப் போல ஒரு ஆளாக இருந்திருக்கலாம், இல்லை என்று யார் சொல்வது. பாசத்தில் இறுக்கியிருப்பார், டேப் சுற்றியிருப்பார், வெளியே இருந்து பார்த்தால் பளபள என்றுதான் இருக்கும். டார்க் ரென்ச்சை வாங்கு, கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள், பிரேக், சக்கரம், கைப்பிடி இவற்றின் ஒவ்வொரு போல்ட்டையும் வெளியே எடுத்து மரையைக் கண்ணால் பார். முடிக்கும் வரை பஸ்ஸில் போ, சோம்பலாக இருந்தாலும் போ. நீ நீண்ட ஆயுசோடு, கை கால் சுகத்தோடு, நினைத்த இடத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். கழுத்தில் துணி சுற்றாமல் ஓட்டாதே.

இன்னும் ஒன்று. தம்பி எழுதச் சொன்ன தாளில் எதெது என்று எழுதினேனே தவிர, நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் ஏழு நாள் காலையில் அவனை அந்த வண்டியில் ஏறிப் போக விட்டதை எழுதவில்லை. படித்த அன்றே சொன்னேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், அம்மாவும் அப்படித்தான். உனக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இப்போது இதை மடித்துக் கவரில் வைக்கிறேன், ஒட்டப் போவதில்லை. தம்பியிடம் கொடுத்து, படித்துப் பார்த்துவிட்டு நீயே ஒட்டித் தபாலில் போடு என்று சொல்லப் போகிறேன். அவன் போடாமலும் விடலாம். இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், அவன் படித்துவிட்டான் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு, கட்டை விரலில் மை தடவாமல் தன் கையால் எழுதிய
உன் அப்பா