கடல் சுட்டால் பனி

திருமயம், 1959 ஐப்பசி, வியாழன் இரவு.

இன்று பத்தாம் வகுப்பில் பனியுகம் நடத்தினேன். வடதுருவக் கடல் சூடேறி, மேலே மூடிய பனிக்கட்டி உருகினால் நீராவி அதிகமாகக் கிளம்பும். அது பக்கத்து நிலங்களில் பனியாகக் கொட்டும். கோடையிலும் கரையாமல் ஆண்டுக்காண்டு ஏறி, பனியுகம் தொடங்கும் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். வாசலில் நின்று கேட்ட தலைமையாசிரியர், "கடல் சூடானா வெக்கைதானே சார் கூடும்? பிள்ளைகளக் குழப்பாதீங்க" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எரிச்சலோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவி மீனாட்சி மூன்றாம் நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறாள். நெற்றியில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதிக்கிறது. அவளோ, "குளிருதுங்க, இன்னொரு போர்வை போடுங்க" என்கிறாள். இருந்த சேலைகளையெல்லாம் எடுத்துப் போர்த்தினேன். பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று பள்ளியில் நடந்ததைச் சொன்னேன்.

பல் தந்தியடிக்கச் சொன்னாள்: "இதுல குழப்பம் என்னங்க இருக்கு? சூடு ஏற ஏறத்தான் குளிரு வரும். எனக்குப் புரியுதே."

அது வேறு, இது வேறு என்று நான் திருத்தவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இன்று நடத்திய பாடம் ஒருத்திக்குத்தான் புரிந்தது. அவளுக்கும் புரியாமலே போயிருந்தால் தேவலை.