உள்நோக்கிச் சாயும் பள்ளம்

2091 ஜனவரி 12, காலை 8.10. ஆழம் 780 மீட்டர்.

அண்டார்டிகக் கரையோரக் கடலடி. எழுதுவது நிலவியலாளர் பவுலின். ஆய்வுக்கூண்டில் நான் ஒருத்திதான். பள்ளத்தை அளந்து முடித்தேன். பனியாறு ஒன்று பாறையைச் சுரண்டி வெட்டிய வழி இது. மென்பாறையில் அகன்றும், கருங்கல் குறுக்கிட்ட இடத்தில் ஒடுங்கியும் போகிறது. கூண்டு நிற்கும் கரைப்பக்கம் ஆழம் 780. கடல் பக்க வாயில் 430 மட்டுமே. நீரோடும் ஆறு வெட்டியிருந்தால் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும். இது கரையை நோக்கிச் சாய்கிறது.

ஜனவரி 14, பிற்பகல் 2.35

மேலே நிற்கும் சுரங்கக் கப்பல் கழிவுச் சேற்றைப் பள்ளத்தில் கொட்டத் தொடங்கிவிட்டது. பள்ளம் அதை ஆழ்கடலுக்கு இழுத்துப் போய்விடுமாம். போகாது. என்னிடம்தான் வரும். வந்துவிட்டது. சன்னலில் சளியாக வழிகிறது. செவுள் அடைத்த மீன்கள் வாய் பிளந்து கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கின்றன. குடிநீரிலும் அழுகிய முட்டை நாற்றம். இரண்டு முறை வாந்தி.

ஜனவரி 15, காலை 11.20

கப்பலின் தொடர்பாளர் தளவாய்: "மேடம், பள்ளம் வெளிப்பக்கம் சாயுதுன்னு உங்க அறிக்கையிலயே இருக்குங்காங்க. உங்க கையெழுத்தும் கெடக்கு. நான் என்னத்தச் சொல்ல?"

நான்: "கையெழுத்து என்னோடதுதான். வாசிக்காமப் போட்டேன்."

உண்மை. நான் இறங்கும் முன், என் முதற்கட்ட அளவீட்டின் சுருக்க அறிக்கை என்று சுரங்க நிறுவனத்தார் நீட்டினார்கள். கூண்டுக்கு அனுமதி கிடைத்தால் போதும் என்ற அவசரம். அதில் பள்ளத்தின் படத்தை அவர்கள் திருப்பிப் போட்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. சன்னலில் வழிவதைவிட என் கையைப் பார்த்தால்தான் குமட்டுகிறது.

ஜனவரி 16, காலை 9.05

மேலேறும் கலத்தின் கதவைச் சேறு மூடிவிட்டது. எக்கித் தள்ளியும் அசையவில்லை. என் அளவுகளையும், வாசிக்காமல் கையெழுத்திட்டதையும் பொது அலைவரிசையில் எல்லாக் கப்பல்களுக்கும் அனுப்பிவிட்டேன்.

காலை 9.50

தளவாய்: "கழிவுக்குழாய் வால்வ மூடிட்டேன் மேடம். மேனேஜர் வேலைய விட்டுத் தூக்கிருவேன்னு கத்துதான். கத்தட்டும். மீட்புக் கலம் நாலு மணி நேரத்துல வந்துரும். பொறுத்துக்கிடுங்க."

அழுதேன். அந்த நாற்றத்திலும் வாய்விட்டு அழுதேன்.

காலை 10.40

கொட்டுவது நின்றுவிட்டது. ஆனால் பள்ளத்தின் மேட்டில், கடல் பக்க வாயிலில், இரண்டு நாளாகக் குவிந்த சேறு மொத்தமாகச் சரிகிறது. ஒலிமானியில் தெரிகிறது: முப்பது மீட்டர் உயரம். எவ்வளவு உயரம் என்று தளவாயிடம் சொல்லவில்லை. மீட்புக் கலத்தை அனுப்ப வேண்டாம், வருகிறவர்களும் புதைவார்கள் என்று மட்டும் சொன்னேன்.

10.52

சன்னல் விரிசல். உள்ளே கசிகிறது. உறைகுளிராக, கொழகொழவென்று. முழங்கால் வரை. தளவாய் விடாமல் கூப்பிடுகிறார், "மேடம், பதில் சொல்லுங்க மேடம்." சேறு மோவாய்க்கு ஏறிவிட்டது. வாயைத் திறக்க முடியவி