தவறான மாமரத்தடியில் போய் உட்கார்ந்த கதை

குமி,
வியாழக்கிழமை சாயங்காலம்

அன்பு மகள் அகிதெங்குக்கு அம்மா எழுதுவது. நானும் கோழிகளும் சௌக்கியம், சேவல் மட்டும் என்னைப் போலவே யார் பேச்சையும் கேட்பதில்லை. அங்கே காபரோனேயில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கக் கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். மழை தவறாமல் பெய்து கேழ்வரகு நன்றாக விளைந்திருக்கிறது, ஊரில் பாதிப் பேர் அதைக் களியாகத் தின்பார்கள், மீதிப் பேர் புளிக்கவைத்து அஜோன் கள்ளாகக் குடிப்பார்கள். நான் எந்தப் பாதி என்று உனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், நின்றுகொண்டு படிக்காதே, சிரித்து எங்காவது விழுந்து வைப்பாய்.

உன் அண்ணன் கல்யாணத்தில் நான் சம்பந்தி மடியில் போய் உட்கார்ந்து, அவர் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டு பாடியதும், "என் கல்யாணத்துக்கு நீ வர வேணாம்மா" என்று நீ அழுதுகொண்டே சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் குடித்தேன், அதையும் ஒளிக்கவில்லை. காய்ச்சுகிறவள் ருசி பார்க்காமல் இருக்க முடியுமா என்று ஊரையே நம்பவைத்தவள் உன் அம்மா. காலையில் ருசி, மத்தியானம் ருசி, சாயங்காலம் பானை தனியாக இருக்கிறதே என்று இன்னொரு ருசி. போன மாதம் ஒரு காலை கை நடுங்கி ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, பயந்துவிட்டேன். அன்றே பானைகளைப் பக்கத்து வீட்டு அமோங்கினிடம் கொடுத்துவிட்டுச் சுகாதார நிலையத்துக்கு நடந்தேன். அங்கே இருந்த நர்ஸ், "குடிய விட நினைக்கிறவங்க கூடி உக்காந்து பேசுறாங்கம்மா, வியாழக்கிழம ரெண்டு மணி, பின்னால மாமரத்தடி, வட்டமா நாற்காலி போட்டிருப்பாங்க" என்றாள்.

பின்னால் இரண்டு மாமரம் இருப்பதை அந்தப் பெண் சொல்லவில்லை. நான் முதல் மரத்தடிக்குப் போனேன். வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலி, நடுவில் தலைவர் எக்வாரு, பேர் எழுத நோட்டு, ஆரம்பத்தில் ஜெபம்கூட நடந்தது. சைக்கிள் பழுது பார்க்கும் ஒபோலோட்டும் இருந்தான். அடடா, இவ்வளவு பேர் திருந்திவிட்டார்களா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எழுந்து நின்று, "நான் அகூதி, நான் ஒரு குடிகாரி" என்றேன். ஒரே கைதட்டல். எக்வாரு, "இங்க எல்லாரும் அதேதான்க்கா, கூச்சப்படாம உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். பின்னாலேயே பானை வந்தது, வெந்நீர் ஊற்றினார்கள், ஆளுக்கொரு நீளக் குழலைப் பானைக்குள் விட்டார்கள். வாசனையிலேயே தெரிந்துவிட்டது மகளே, அஜோன், அதுவும் என் பானைதான், அமோங்கின் கைப்பக்குவம்.

குழல் என் கையில், மறுமுனை பானைக்குள். வாய் ஊறியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் குடி வட்டத்தில் குழலைப் பிடித்தவர் தலைவரிடம் காரணம் சொல்லி உத்தரவு வாங்காமல் வட்டத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாதே. கையைத் தூக்கினேன். "மக கல்யாணத்துக்குப் போகணும்" என்றேன். எங்கே என்று கேட்டார், சொரோட்டியில் அவள் சித்தப்பா வீட்டில் என்றேன். எப்போது என்றார், டிசம்பரில் என்றேன். நாம் இருப்பது ஜூன். சிரித்த சிரிப்பில் ஒருத்தருக்குப் புரையேறிவிட்டது. "அம்பது கிலோமீட்டர் போக ஆறு மாசமாக்கா? தவழ்ந்தா போறீங்க?" என்றார் எக்வாரு. "ஆமா, தவழ்ந்துதான். இப்பவே கிளம்பினாத்தான் போய்ச் சேர முடியும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எக்வாரு நோட்டில் எழுதிக்கொண்டு, "உத்தரவு" என்றார். பாதி தூரம் போயிருப்பேன், பின்னால் செருப்புச் சத்தம். ஒபோலோட், கையில் குழலோடு. "எனக்கும் ஒரு கல்யாணம் இருக்குக்கா" என்றான். அவன் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மரத்தடியில், நாற்காலிகளைக் குடி வட்டத்துக்குப் பறிகொடுத்துவிட்டு, ஒரு பெஞ்சில் நாலு பேர் ஆறிப்போன டீயோடு இருந்தார்கள். சாவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும். தலைவர் இல்லை, நோட்டு இல்லை, ஒருத்தர் பேசும்போதே இன்னொருத்தர் பேசுகிறார். குடிக்கிறவர்களுக்கு இருக்கிற ஒழுங்கு விடுகிறவர்களுக்கு வேண்டாமா என்று கேட்டேன். இப்போது நான்தான் தலைவி. சொல்லாமல் எழுந்து போனால் அடுத்த வாரம் வெந்நீர் போட்டு எல்லாருக்கும் டீ ஆற்றவேண்டும். ஒன்பது பேர் ஆகிவிட்டோம்.

இருபத்தெட்டு நாள் ஆயிற்று என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். வெள்ளிக்கிழமை அமோங்கின், "புளிப்பு சரியான்னு மட்டும் சொல்லுக்கா" என்றாள், ஒரு வாய் வைத்தேன், இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. ஆக ஆறு நாள்தான். இன்று கூட்டத்தில் சொல்லிவிட்டு அழுதேன். உனக்குச் சொல்லத்தான் அதைவிட வெட்கமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள், மாப்பிள்ளையிடம் ரொம்பச் சண்டை போடாதே, கொஞ்சம் போடு. ஆண்டவர் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைக்கட்டும். டிசம்பரில் என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். கூப்பிட்டால் நம்பிக் கூப்பிடாதே. பானைக்குத் தூரமாக, உன் கண்ணுக்கு நேராக எனக்கு ஒரு நாற்காலி போடு. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வருத்தமில்லை, நானும் அன்றைக்கு உன்னைத்தானே பார்க்க வருகிறேன்.

ஆறு நாள் ஆன உன் அம்மா,
அகூதி